ஆசீர்வாதம் வீட்டில் விட்டுப்போன லேப்டாப்

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் புகைப்படக்காரர்கள் சங்கக் கூட்டம். டீயும் போண்டாவும் முடிந்து, பேச்சு கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியிருந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா, வேண்டாமா என்று இளவட்டங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பூதலூர் எல்வின், "அது வெட்டிச் சுமைங்க. கேமராவுலயே ரெண்டு கார்டு போட இடம் இருக்கு, அப்புறம் எதுக்கு?" என்றான். கார்டு செத்துப்போனால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி தாலி கட்டச் சொல்வாயா என்று எதிர்க்கட்சி கேட்டது. கடைசியில் யாரோ, "நம்ம வலங்கைமான்காரர் சொல்லட்டும்" என்று பின்வரிசையைக் காட்டினார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் ஆசீர்வாதம். மைக் கிடைத்தால் விடமாட்டார் என்று சங்கத்தில் பேர் எடுத்தவர். அன்றைக்கு எழுந்து, "அவங்கவங்க வசதியப் பொறுத்ததுங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டார். உடம்புக்கு ஏதோ சரியில்லை போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வி காதில் விழுந்தால் மனிதருக்கு முகம் கொடுக்க முடியாமல் போய்விடும், அவ்வளவுதான். அதற்குக் காரணம் உண்டு.

ஆசீர்வாதத்தைப் படிக்கவைக்க அவர் அப்பா படாத பாடு பட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர். பிள்ளையாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று ஆசை. பத்தாவதில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அதே பாடத்தில் போனது. அதற்கப்புறம் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் புகுந்தவர், அங்கே நன்றாகவே கை தேர்ந்துவிட்டார். தொண்ணூற்றொன்றில் வலங்கைமான் கடைத்தெருவில் சொந்த ஸ்டூடியோ.

கடை போட்ட நேரம் நல்ல நேரம். ஊர் பாதி பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தது. குவைத், துபாய், சிங்கப்பூர் என்று ஆட்கள் கிளம்பியபடியே இருந்தார்கள். காலையில் நாற்றுப் பறித்தவன் மத்தியானம் தலையை நனைத்து வாரிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருவான். ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். அது எவனுக்கும் அளவாக இருந்ததில்லை. முதுகுப்பக்கம் ஊக்குக் குத்தி இழுத்துப் பிடித்து, "சிரிக்காதே, சிரிச்சா விசா கிடைக்காது" என்று மிரட்டிப் படம் எடுப்பார். குவைத் ஏர்போர்ட்டில் தன் படம் இறங்காத நாள் கிடையாது என்று பீற்றிக்கொள்வார். அது முழுப் பொய்யும் இல்லை.

டிஜிட்டல் வந்தபோதுதான் கால் தடுமாறியது. கேமரா பிடிபட்டுவிட்டது, கம்ப்யூட்டர் பிடிபடவில்லை. திரையில் திடீரென்று ஒரு பெட்டி முளைத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று தெரியாமல் அவருக்கு வியர்த்துக் கொட்டும். பரீட்சை ஹாலில் நான்காவது முறையாக உட்காரவைத்த மாதிரி இருக்கும். மனைவி அருள்செல்வி டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். ஆறு மாதம் தினமும் பஸ் ஏறிக் கும்பகோணம் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாள். அதன் பிறகு ஆல்பம் டிசைன், கலர் சரிசெய்வது, சிடி போடுவது எல்லாம் அவள் கைவேலைதான்.

இதை வெளியில் யாருக்கும் அவர் சொன்னதில்லை. அருள்செல்வி ஸ்டூடியோவின் உள்ளறையில், துணித்திரைக்குப் பின்னால் வேலை செய்வாள். முன்னறையில் இவர் ஆல்பத்தை விரித்துவைத்து, "ஒவ்வொரு பக்கமும் நானே உக்காந்து பண்ணதுங்க" என்பார். திரைக்கு அந்தப்புறம் அவளுக்கு அது கேட்கும். முதல் தடவை கேட்டபோது சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

அவள் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தான். அந்த வட்டாரத்தில் எந்த ஸ்டூடியோவிலும் அது இல்லாத காலம். பாபநாசத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு அதைத் தூக்கிப்போய், மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, ஊரே பார்க்கத் திறந்து வைத்தார் ஆசீர்வாதம். பெங்களூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், "இப்ப எடுத்ததைக் காட்டுங்க சார்" என்றான். இவர் எதையோ அழுத்தினார், திரை கறுத்துப்போனது. மறுபடி அழுத்தினார், அது கீச்சென்று கத்தியது. அருள்செல்வி பின்னாலிருந்து கையை நீட்டி இரண்டு தட்டுத் தட்டினாள். படங்கள் வரிசையாக வந்து நின்றன. "ஓ, மேடம்தான் போட்டோகிராபரா? நீங்க லைட் பிடிக்கிறவரா?" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆசீர்வாதமும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

இரண்டாயிரத்து ஆறில், ரம்ஜான் முடிந்து இரண்டு வாரத்தில் குவைத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் அப்துல் வஹாப். வலங்கைமானில் பிறந்தவர், தொண்ணூற்று மூன்றில் அந்த ஆணிக் கோட்டைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர். பெண் கட்டியது நாகூரில். அந்தக் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம் என்பதால், விடுமுறையில் வந்தாலும் நாகூருக்குத்தான் வருவார். அவருடைய ஒரே மகள் ஹஃப்ஸாவுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, என்னால வரமுடியல. முதலாளி பாஸ்போர்ட்டக் கையில குடுக்க மாட்டேங்கிறான். நீங்க எடுக்குற படத்துலதான் நான் என் புள்ள கல்யாணத்தப் பாக்கணும்" என்றார். பிறகு சொன்னார்: "பொம்பளைங்க பக்கம் உங்க வீட்டம்மா எடுக்கட்டும். ஆனா அந்தப் படம் எந்தக் கடைக்கும் போகக்கூடாதுண்ணே. உங்ககிட்ட லேப்டாப் இருக்காமே, பாபநாசத்துல பாத்தவங்க சொன்னாங்க. அங்கயே சிடி போட்டு ஹஃப்ஸா உம்மா ஹமீதா கையில குடுத்துட்டு, மிச்சத்த அவ கண்ணு முன்னால அழிச்சுடுங்க. என் மச்சான் ஜாஃபர் சாதிக் மறுநாள் இங்க வர்றான், சிடியக் கொண்டாந்துடுவான். இந்தப் பேச்சுலதான் வீட்டுப் பொம்பளைங்க படமெடுக்கவே சம்மதிச்சிருக்காங்க."

"இதெல்லாம் நீங்க சொல்லணுமாங்க? அது என் பொறுப்பு" என்றார் ஆசீர்வாதம்.

கிளம்பும் நாள் கார்த்திகை அடைமழை. சம்பா வயலும் ரோடும் ஒரே மட்டத்தில் தண்ணீராகக் கிடந்தது. அருள்செல்வி லேப்டாப்பை பாலிதீன் உறையில் சுற்றி, துணிக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தாள். பையைத் தூக்கிப் பார்த்த ஆசீர்வாதம் அதை வெளியில் எடுத்தார்.

"என்னங்க, அவர்கிட்ட சொல்லியிருக்கோமே?"

"மழையப் பாத்தியா? திருவாரூர்ல பஸ் மாறணும். கடல்காத்து வேற, உப்புப் பட்டா போயிடும்."

"நான் மடியில வச்சுக்கிறேங்க."

"நாகூர் என்ன காடா? அங்க இல்லாத வசதியா? பேசாம வா."

மழையும் இல்லை, உப்பும் இல்லை. நாகூரில் அத்தனை பேருக்கு நடுவில் அவள் அதைத் திறந்து உட்கார, தான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டி வருமே என்பதுதான் விஷயம். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். லேப்டாப் பீரோவுக்குத் திரும்பிப் போனது.

நிக்காஹ் குறையில்லாமல் நடந்தது. ஆண்கள் பக்கம் இவர் எடுத்தார். மாடியில் பெண்கள் பக்கம் அருள்செல்வி. முக்காடு விலக்கி, மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஹஃப்ஸா உட்கார்ந்திருந்தாள். சித்திகளும் மச்சிகளும் சங்கடமில்லாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொண்ணு எடு தங்கச்சி, வஹாப் மச்சான் பாக்கட்டும்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளி ஆள் கண்ணில் படாத முகங்கள். அவளை நம்பிக் காட்டினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மணப்பெண்ணின் உம்மா ஹமீதா பானு கீழே சொல்லியனுப்பினார், சிடி தயாரானால் ஜாஃபர் சாதிக் பெட்டியில் வைத்துவிடலாம் என்று. ஆசீர்வாதம் மனைவியிடமிருந்து கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லேப்டாப் லாட்ஜில் இருக்கிறது, அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வாசலில் நின்றவர்களிடம் கூசாமல் சொல்லிவிட்டு, குடையை விரித்தார். நேரே போனது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு.

கடைக்காரர் கார்டை வாங்கிச் செருகினார், ஏதேதோ அழுத்தினார், பத்து நிமிஷத்தில் சிடி வந்தது. ஆசீர்வாதம் சிடியை ஒரு கையிலும் கார்டை மறு கையிலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வெளியே வந்தார். அவர் கணக்கில் எல்லாம் சரி. பிலிம் காலத்து மனுஷர். வெளிக்கடையில் பிரிண்ட் போட்டால் நெகட்டிவைக் கேட்டு வாங்கிவிடவேண்டும்; நெகட்டிவ் கைக்கு வந்துவிட்டால் கடைக்காரனிடம் ஒரு மண்ணும் இருக்காது. கார்டுதான் நெகட்டிவ், சிடிதான் பிரிண்ட், இரண்டும் தன் கையில். நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் ஒரு பிரதி தங்கும் என்பது அவருக்குக் கனவிலும் தெரியாது.

கல்யாண வீட்டு வாசலிலேயே மடக்கினாள் அருள்செல்வி. குரலைத் தாழ்த்தி, "கடையிலயா போட்டீங்க? அவங்க சிஸ்டத்துல இருந்தத அழிச்சாங்களா?" என்று கேட்டாள்.

கேள்வி அவருக்குப் புரியவில்லை. எதை அழிக்கவேண்டும்? என்ன அது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், திரும்பப் போய் ஐந்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. "எல்லாம் ஆச்சு, ஆச்சு" என்று கையை வீசிவிட்டு உள்ளே போனார். ஹமீதா பானுவிடம் சிடியைக் கொடுத்து, "என் லேப்டாப்லயும் அழிச்சுட்டேங்க, இனிமே எங்கயும் இல்ல" என்றார். அருள்செல்வி ஒன்றும் பேசாமல், கார்டைக் கேமராவில் போட்டு ஹமீதாவின் கண்ணெதிரே வெறுமையாக்கிக் காட்டினாள். "அல்லாஹ் உங்க ரெண்டு பேரையும் நல்லா வைக்கட்டும்" என்று கைப்பிடித்துச் சொன்னார் ஹமீதா.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்கழிக் காலையில் ஹமீதா பானுவும் அவருடைய அக்கா லத்தீஃபாவும் வலங்கைமான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஹமீதாவின் கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். உங்க லேப்டாப்புல போட்ட படம் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டருக்கு எப்படிண்ணே போச்சு?"

மாப்பிள்ளை ஷஹ்பாஸ் வெளிநாட்டு வேலைக்கு மனு அனுப்ப அங்கே போயிருக்கிறான். அவன் உட்கார்ந்த கம்ப்யூட்டரில் ஒரு போல்டர் இருந்திருக்கிறது. திறந்தால் தன் பெண்டாட்டி முகம். யார் கொடுத்தது என்று கடைக்காரருக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஹஃப்ஸா வெள்ளிக்கிழமைகளில் உம்மாவோடு அதே கடைக்குப் போய்த்தான் குவைத்திலிருந்த வாப்பாவோடு பேசுவாள். அவள்தான் படத்தை அங்கே கொடுத்திருக்கவேண்டும் என்று ஷஹ்பாஸ் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது.

"எம்புள்ள சோறு திங்கல அண்ணே. 'நான் குடுக்கலம்மா'ன்னு அழுவுது. நான் நம்புறேன். அவங்க நம்பணுமே" என்றார் ஹமீதா.

அருள்செல்வி மழையில் நின்று கேட்ட கேள்வியின் அர்த்தம் ஆசீர்வாதத்துக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லவேண்டியதும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது: நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன், லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன், எனக்கு அந்த வேலை தெரியாது. மூன்றே வாக்கியம். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"கம்ப்யூட்டர் வேலையெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? எல்லாம் செல்விதான் பாக்குது. படிச்சதும் அதுதான். அதுதான் ஏதோ கவனமில்லாம..."

இத்தனை வருஷமாக ஒரு வாடிக்கையாளரிடமும் சொல்லாத உண்மையை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னார். பெருமை சேரவேண்டியபோது பேரைக் கொடுக்காதவர், பழி வந்ததும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? சொல்லி முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

திரையை விலக்கிக்கொண்டு அருள்செல்வி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடி அலமாரியில் இருந்த பிரேம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா தங்கச்சி பண்ணினே?" என்று கேட்டார் ஹமீதா. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நம்பமுடியாமல் கேட்டார்.

கணவர் ஏதாவது சொல்லட்டும் என்று அருள்செல்வி காத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு டிராக்டர் போய் மறைகிற வரைக்கும் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

"ஆமாக்கா. ஹஃப்ஸாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நானே வந்து அவங்க வீட்டுல சொல்றேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டாள்.

அவரைக் கூப்பிடவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் படத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள், கரண்ட் இல்லை என்று அனுப்பிவிட்டார். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். ஷஹ்பாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடையின் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் துழாவியிருக்கிறாள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி மூன்றில் பிரதி இருந்ததாம், மூன்றையும் அழித்தாளாம். படம் ஏறிய தேதியைக் காட்டியிருக்கிறாள். நிக்காஹ் அன்று மத்தியானம், பெண் மாடியில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நேரம். பிறகு ஷஹ்பாஸின் உம்மா வீட்டுக்குப் போய், எல்லார் முன்னாலும் நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"மாப்பிள்ளை நாளைக்கே வந்துடுறேன்னுட்டாரு" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அந்தம்மா என்னப் பாத்து, 'நீயும் ஒரு பொம்பளதானே, உனக்குத் தெரிய வேணாமா'ன்னாங்க. நின்னு கேட்டுக்கிட்டேன். லேப்டாப்புல போட்டேன்னு நீங்க சொன்னப்ப நானும் வாய மூடிக்கிட்டுத்தானே நின்னேன். எனக்கும் வேணும்."

ஒரு சண்டை போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரோடும் சேர்ந்து அவரும் சொல்வார். அத்தனை குரலுக்கு நடுவில் சொல்வது சுலபம். ஹமீதாவிடம் சொல்வதுதான் முடியவில்லை. இரண்டு முறை நாகூருக்குக் கிளம்பினார். முதல் முறை மழை என்று திரும்பினார். இரண்டாம் முறை திருவாரூர் வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பி ஏறினார். உள்ளறைத் திரையை மட்டும் கழற்றிவிட்டார். அருள்செல்வி வேலை செய்வது கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. அவள் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறு வருஷம் மே மாதத்தில் அப்துல் வஹாப் விடுமுறையில் வந்தார். நல்ல வெயில். பேரீச்சம்பழப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆசீர்வாதத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தாடி பாதி நரைத்திருந்தது.

"சிடியப் பாத்தேன்ணே. ரூம்ல ஆறு பேரு நாங்க. எல்லாரும் டூட்டிக்குப் போற வரைக்கும் காத்திருந்து, கதவச் சாத்திக்கிட்டு, தனியாத்தான் பாத்தேன். எம்புள்ளய அப்படிப் பாத்ததுக்கு உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் தகும்." ஹஃப்ஸாவுக்கு ஐந்து மாதம் என்றும் சொன்னார்.

ஆசீர்வாதம் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வாயைத் திறந்தும் விட்டார். அதற்குள் வஹாப் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"நடுவுல நடந்தது தெரியும்ணே. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, உங்கள எனக்கு எத்தன வருஷமாத் தெரியும். உங்க வீட்டம்மா மேலதான் மனசுல வச்சிருந்தேன். போன மாசம் மக்காவுக்கு உம்ரா போனப்ப அதையும் இறக்கி வச்சுட்டேன். அவங்கள மன்னிச்சுட்டேன்ணே. நேர்ல சொன்னா சங்கடப்படுவாங்க. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

"சொல்றேங்க" என்றார் ஆசீர்வாதம்.

வஹாப் வெயிலில் இறங்கிப் போனார். பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். பிறகு உள்ளறைப் பக்கம் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருள்செல்வி ஒரு ஆல்பத்துக்குப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம்தான், நடுவில் திரையும் இல்லை.

"வஹாப் வந்துட்டுப் போறாரு" என்றார். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "உன்ன... மன்னிச்சுட்டதாச் சொல்லச் சொன்னாரு."

அருள்செல்வி திரும்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அவரைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

"சொல்லிட்டீங்கல்ல" என்றாள். மறுபடி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.